அவசரத்துக்கு ஒரு பெயர்

"உங்களுக்கு ஒரு ஆபத்துன்னா, மொதல்ல யாருக்குத் தெரியணும்?"

ஹெலன் மேடம் இப்படிக் கேட்டபோது யோகலட்சுமி சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து, ஈரக் கையை ஓவர்கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தாள். கஷ்டமான கேள்வி ஒன்றும் இல்லை. பெயர், வயது, ஊர் கேட்பதுபோல் வரிசையாக எல்லோரிடமும் கேட்ட கேள்விதான். ஆனாலும் அவள் வாய் திறந்தது, பேச்சு வரவில்லை.

ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டிலேயே செக்யூரிட்டி வாங்கி மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். அன்று மட்டும் மலையிலிருந்து வேலைக்கு வருகிற பெண்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கேன்டீன் பெஞ்சில் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு செய்கிற பிள்ளைகள்போல் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். அத்திக்கொல்லை மாதிரியான மலையூர்களில் டவர் கிடையாது. டவரே இல்லாத இடத்திலிருந்தும் சாதாரண போனிலேயே, வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட் வழியாக அவசரச் செய்தி அனுப்பலாம் என்று ஒரு ஏற்பாடு சோதனைக்காக வந்திருந்தது. மலைப் பெண்களைக் கம்பெனி அதில் சேர்த்துவிட்டது. தொழிலாளர் நலன் பார்க்கிற ஹெலன் மேடம் ஒவ்வொரு போனாக வாங்கி, அதைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"பேச முடியாது, எழுத்து மட்டும்தான். வீட்டுக்குள்ள, மரத்தடியில நின்னா போகாது. வெட்டவெளிக்கு வரணும். எந்தப் பக்கம் திரும்பணும்னு போனே சொல்லும். காயமா, தீயா, வெள்ளமா, எல்லாத்துக்கும் படம் இருக்கு. தொட்டா போதும். செய்தி கன்ட்ரோல் ரூமுக்குப் போயிடும். நீங்க சொல்ற ஒரு ஆளுக்கும் போகும், நீங்க எந்த இடத்துல இருக்கீங்கன்றதோட."

"மேலருந்து எந்நேரமும் பாத்துக்கிட்டே இருக்குமா மேடம்? நாங்க ஓடையில குளிக்கிறப்பவும்?" என்று கேட்டாள் ஜோதி. எந்த இடத்திலும் முதலில் பேசுகிறவள் அவள்.

"அரே, நீ குளிக்கிறதைப் பாக்கத்தான் அவ்ளோ பெரிய ராக்கெட்டு விட்டு அனுப்பியிருக்காங்க. ஒக்காருடி சும்மா" என்றாள் ஃபிர்தௌஸ். அவள் ஆம்பூர் டவுன்காரி. இந்த ஏற்பாட்டுக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. யோகலட்சுமிக்குப் பக்கத்து மெஷினில் தைக்கிறவள் என்பதால் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பு அடங்கியதும் பெயர் கேட்கும் வேலை தொடங்கியது. ஜோதி யோசிக்கவே இல்லை. "பார்த்திபன் அண்ணன் நம்பர் போட்டுக்கோங்க. எங்க ஊருல வண்டி வெச்சிருக்கிறது அவர் ஒருத்தர்தான்." அடுத்தவளும் அதே நம்பரைச் சொன்னாள். அதற்கடுத்தவளும்.

"யாரும்மா அது? ஊருக்கே ஒரு பார்த்திபனா?"

"இதோ நிக்கிறாளே யோகா, இவ வீட்டுக்காரர்தான் மேடம்."

அதற்குப் பிறகுதான் மேடம் யோகலட்சுமியின் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். யோகலட்சுமிக்குப் பள்ளிகொண்டாவில் இருக்கிற அக்கா அம்சவேணியின் முகம் மனதில் வந்தது. அந்தப் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இவளுக்கு இன்னா மேடம் கேள்வி? இவ வீட்டுல ஆம்புலன்ஸே பாய் போட்டுத் தூங்குது" என்றாள் ஜோதி.

கேன்டீன் முழுக்கச் சிரித்தது. மேடமும் சிரித்துக்கொண்டே அந்த நம்பரைப் போனில் ஏற்றிவிட்டார். ஊரே அவன் நம்பரைக் கொடுத்திருக்கும்போது பெண்டாட்டி மட்டும் வேறு பெயர் சொன்னால், அந்தப் பெயரே ஒரு புகார் ஆகிவிடும். அடுத்த நிமிடமே "ஏன்" என்று கேட்பார்கள். யோகலட்சுமி வாயை மூடிக்கொண்டாள். ஓவர்கோட்டின் காலரை முதுகுப் பக்கம் ஏற்றி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

மதியத்துக்கு மேல், தையல் லைனில் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஃபிர்தௌஸ் தலையைச் சாய்த்து, "நீ வேற யார் பேரையோ சொல்ல வந்த" என்றாள்.

"இல்லையே."

"வாய் தொறந்துச்சு. நான் பாத்தேன்."

"கொட்டாவி."

ஃபிர்தௌஸ் சிரிக்கவில்லை. தோலை ஊசிக்கடியில் நகர்த்திக்கொண்டே கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு லைன் சூப்பர்வைசர் அமீர் பாஷா அந்தப் பக்கம் வரவே, குனிந்துகொண்டாள்.

பார்த்திபனைக் கெட்டவன் என்று அத்திக்கொல்லையில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவனிடம் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று இருந்தது. ஆம்பூர் தோல் கிடங்குகளுக்கு லோடு அடிப்பான். பாம்பு கடித்தாலும், மூச்சுத் திணறினாலும், பிள்ளை வலி வந்தாலும் மலையிலிருந்து இறங்க அந்த வண்டிதான். கூப்பிட்ட குரலுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வருவான். டீசலுக்கு மேல் கை நீட்ட மாட்டான். கோபியின் பெண்டாட்டிக்கு வண்டியிலேயே பிரசவம் ஆனபோது, தன் சட்டையைக் கழற்றிக் குழந்தையைச் சுற்றிக் கொடுத்தவன் அவன்தான். குழந்தைக்கு அவன் பெயரையே வைக்கட்டுமா என்று கோபி கேட்டதற்கு, "வேணாண்டா, ரெண்டு பார்த்திபனை இந்த மலை தாங்காது" என்றான். அதை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது.

இதெல்லாம் வாசலுக்கு வெளியே. கதவு சாத்தியபின் அவன் வேறு ஆளாக இருந்தான். கம்பெனி வேனில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், ஏன் இன்று கம்மியாகச் சாப்பிட்டாய், கம்பெனியில் யார் வாங்கிக் கொடுத்தார்கள், ஏன் சிரிக்கிறாய், ஏன் சிரிக்கவில்லை. எந்தப் பதில் சொன்னாலும் அதில் ஒரு தப்பு இருக்கும். தப்புக்குத் தண்டனை இருக்கும். வெளியே தெரியாத இடமாகப் பார்த்துத்தான் அடிப்பான். அடித்து முடித்து அழுவான். அடுத்த நாள் ஆம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வருவான். அவள் சாப்பிடாவிட்டால் அதுவும் ஒரு தப்பு.

சாட்டிலைட் விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இன்னாடி, வானத்துல இருக்கிறது எனக்கு ரிப்போர்ட் பண்ணப் போவுதா!" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சொல்லும்போது அவன் முகத்தில் பிள்ளைச் சிரிப்பு. அதைப் பார்க்கிற யாரிடம் போய் அவள் என்னவென்று சொல்வாள்? முதுகைத் திருப்பிக் காட்டினாலும், எங்கேயோ இடித்துக்கொண்டாய் என்றுதான் சொல்வார்கள்.

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. இரண்டு நாள் மழை விட்டு, மதியம் வெயில் அடித்தது. மலைச்சாலையில் ஊருக்குக் கீழே ஒரு வளைவு இருக்கிறது. அங்கே நின்றால் மட்டும் ஆம்பூர் டவர் கொஞ்சம் எட்டும். ஊரில் யாருக்குப் போன் பேச வேண்டுமானாலும் அந்த வளைவுக்குத்தான் போவார்கள். பார்த்திபன் அங்கே நின்று லோடு விஷயமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அமீர் பாஷாவிடமிருந்து அவன் போனுக்கு அழைப்பு வந்தது. யோகலட்சுமி வீட்டில் இருந்தால் அவள் போன் எடுக்காது என்று கம்பெனியில் தெரியும். திங்கட்கிழமையிலிருந்து அவளைச் சாம்பிள் ரூமுக்கு வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார். புது மாடல் ஷூவை முதன்முதலில் தைத்துப் பார்க்கிற இடம் அது. கைவேலை சுத்தமாக இருப்பவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அவள் இரண்டு வருடமாக மனதுக்குள் ஆசைப்பட்ட இடம்.

பார்த்திபன் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"சாம்பிள் ரூம்ல எத்தினி பேரு?"

அவளுக்கு ஒரு நிமிடம் சந்தோஷம்தான் வந்தது. "கூப்ட்டாங்களா? யாரு, பாஷா பாயா?"

"பேரைச் சொல்றப்போ மொகத்தைப் பாரு. லைட்டு போட்டாப்புல இருக்குது."

"இன்னாங்க நீங்க, அவருக்கு என் அப்பா வயசு."

"அவ்ளோ பேரு தைக்கிறாங்களே, உன் பேரு மட்டும் அவன் வாயில ஏன் வருது?"

"என் கை நல்லா ஓடும்னு."

"ஓ, கையா?" என்றான். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னான். அவளுடைய இடது கையைப் பிடித்து, மணிக்கட்டை முதுகுப் பக்கமாகத் திருகினான். ஏதோ நரம்பு விலகின மாதிரி ஒரு சத்தம் அவளுக்குள்ளேயே கேட்டது. "இந்தக் கை இருந்தாத்தானே கூப்புடுவான்."

அவன் விட்டபோது அவள் சுவரோடு சாய்ந்து நின்றாள். இதுவரை முதுகிலும் தொடையிலும் அடித்திருக்கிறான். கையைத் தொட்டதில்லை. அவளிடம் அவளுடையது என்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான். அவன் தண்ணீர் குடிக்கத் திரும்பினான். அவள் அலமாரி மேலிருந்த போனை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பின்கதவைத் திறந்து ஓடினாள்.

ஊர் வழியாகப் போனால் யாராவது நிறுத்தி, பேசிச் சமாதானப்படுத்தி, அவனிடமே கொண்டுவந்து விடுவார்கள். அதனால் கொல்லையைத் தாண்டி, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து, மாடு மேய்க்கிறவர்கள் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் போனாள். சாலையைப் பிடித்துவிட்டால் எப்படியாவது பள்ளிகொண்டா. அக்கா வீடு. அதற்கு மேல் யோசிக்கவில்லை. மழையில் ஊறிய மண் காலுக்கடியில் பெயர்ந்தது. செடியைப் பிடிக்கப் போனது அவன் திருகிய கை, பிடி நிற்கவில்லை. உருண்டு ஓடைப் பாறைகளுக்கு நடுவே போய் விழுந்தாள்.

எழுந்து நிற்கப் பார்த்தபோது வலது கணுக்கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கத்தினால் ஊருக்குக் கேட்காது. கேட்டால் வரப்போவதும் அவன்தான். ஓடையில் தண்ணீர் சலசலவென்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். டவர் இல்லை. ஆனால் மேலே மூலையில், கேன்டீனில் ஹெலன் மேடம் காட்டிய அந்தக் குறி இருந்தது.

படங்களில் கட்டுப் போட்ட காலைத் தொட்டாள். திரையில், வானம் தெரியும் இடத்துக்கு வரவும் என்று வந்தது. தலைக்கு மேல் புங்கமரம் கிளை விரித்திருந்தது. பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து பாறை ஓரத்துக்கு வந்தாள். இடப்பக்கம் திரும்பவும். இன்னும் கொஞ்சம். அப்படியே பிடித்திருக்கவும். அண்ணாந்து பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, கழுவி வைத்ததுபோல் வெறும் நீலம். அவ்வளவு உயரத்தில் இருப்பது தன்னைக் கேட்கும் என்று நம்புவதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. செய்தி போனது.

பதில் வந்தபோது அவள் அழுதுவிட்டாள். 'உங்கள் செய்தி கிடைத்தது. உங்கள் இடம் தெரிகிறது. ஆம்புலன்ஸ் புறப்படுகிறது. தைரியமாக இருங்கள்.' தமிழில் வந்திருந்தது. யாரோ முகம் தெரியாத ஒருவர், தைரியமாக இரு என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. 'உங்கள் அவசரத் தொடர்பு பார்த்திபனுக்கும் தகவல் அனுப்பப்பட்டுள்ளது.'

ஓடுகிற அவசரத்தில் அவள் அதை மறந்தே போயிருந்தாள். யாரிடமிருந்து தப்பித்து இந்தப் பள்ளத்தில் வந்து விழுந்தாளோ, அவன் கைக்கு அவள் இருக்கும் இடத்தை அவளே அனுப்பிவிட்டாள்.

அவன் வளைவில்தான் நின்றிருக்க வேண்டும். ஓடிப்போனவளைப் பற்றி அக்காவிடம் விசாரிக்க அங்கேதான் போயிருப்பான். கொஞ்ச நேரத்தில் அடுத்த செய்தி வந்தது.

'உங்கள் கணவரிடம் பேசினோம். அவர் வண்டியுடன் அருகில் இருக்கிறார். தானே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகவும் ஆம்புலன்ஸ் தேவையில்லை என்றும் சொல்கிறார். உங்களுக்குச் சம்மதமா?'

கேட்டவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கணவன், பக்கத்தில் இருக்கிறான், வண்டி இருக்கிறது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆமாம் என்று தொட்டால் முடிந்துவிடும். அவன் வருவான், தூக்குவான், அழுவான், ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். கை எப்படி முறுக்கிக்கொண்டது என்று டாக்டர் கேட்டால், விழுந்ததில் ஆனது என்று அவன் சொல்வான். அவளும் தலையாட்டுவாள். அதற்குப் பிறகு சாம்பிள் ரூம் இல்லை, கம்பெனி இல்லை. வீடு, சாத்திய கதவு.

அக்காவிடம்கூடச் சொல்லாத ஒன்றை அவள் வலது கட்டைவிரலால் தட்டத் தொடங்கினாள். பேச்சுத் தமிழ் வரவில்லை. பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் வந்தது. 'என்னை அடித்தவர் அவர்தான். கையை முறித்தவரும் அவர்தான். அவரோடு அனுப்பாதீர்கள்.'

அனுப்புகிறது என்று காட்டியது. காட்டிக்கொண்டே இருந்தது. வலப்பக்கம் திரும்பவும். திரும்பினாள். இன்னும் கொஞ்சம். மேலே சாலையில் குட்டியானையின் ஹாரன் கேட்டது. "யோகா! ஏய் யோகா!" அவன் குரல். கூட நிறையக் குரல்கள். ஊரையே கூட்டிக்கொண்டு வருகிறான். புதர்கள் அசைந்தன. கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு வானத்தைப் பார்த்து நீட்டினாள்.

"அதோ இருக்கா!"

முதலில் வந்தவன் அவன்தான். முட்டிபோட்டு உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் கொட்டியது. நடிப்பு இல்லை, உண்மையான கண்ணீர். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. "சொல்லாம கொள்ளாம ஏண்டி இந்தப் பக்கம் வந்த? எனக்கு உசுரே போய்டுச்சு." கேட்டுக்கொண்டே அவள் விரல்களிலிருந்து போனைப் பிரித்தெடுத்தான். "போதும், அதான் வந்துட்டோம்ல" என்று அதை அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செய்தி போனதா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை.

கோபியும் பக்கத்து வீட்டு ராமலிங்கமும் அவளைத் தூக்கினார்கள். ராமலிங்கத்தின் பெண்டாட்டி சுந்தரி தலையைத் தாங்கிக்கொண்டாள். "பாத்து, பாத்து, கால் அசையக் கூடாது" என்று பார்த்திபன் முன்னால் செடிகளை விலக்கிக்கொண்டே நடந்தான்.

"சாட்டிலைட்டுலருந்து மெசேஜ் வந்தவொடனே மனுஷன் எப்டி பதறிட்டாரு. இந்த மாரி புருஷன் கெடைக்கணுமே" என்றாள் பின்னால் வந்த ஜோதி.

வண்டியின் பின்பக்கம் கோணி விரித்து அவளைப் படுக்க வைத்தார்கள். ராமலிங்கமும் சுந்தரியும் உள்ளே உட்கார்ந்தார்கள். கோபி கடைசியில், கதவுப் பலகை மேல் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டான். வண்டி குலுங்கி இறங்கியது. சுந்தரி அவள் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்தபோது, சேலை விலகி மணிக்கட்டு தெரிந்தது. ஐந்து விரலும் பதிந்து வீங்கியிருந்தது. பாறையில் விழுந்தால் விரல் பதியாது. சுந்தரி அதைப் பார்த்தாள். யோகலட்சுமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் அந்தக் கையை மூடிவிட்டு, வெளியே மரங்களைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அந்தத் திரும்பலில்தான் யோகலட்சுமி நம்பிக்கையை விட்டாள். இவ்வளவு பக்கத்தில் கண்ணால் பார்த்தவளே இப்படியென்றால், மேலே எங்கேயோ இருப்பது என்ன செய்துவிடும்?

வளைவில் வண்டி நின்றது. எதிரே ஓர் ஆம்புலன்ஸ், சாலையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் இறங்கி வந்தாள். சட்டையில் சௌம்யா என்று பெயர் இருந்தது.

"யோகலட்சுமி யாரு?"

பார்த்திபன் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டான். "நான் அவ வீட்டுக்காரன் மேடம். உங்களுக்கு வீண் அலைச்சல். நானே கூட்டிட்டுப் போறேன், ஆம்புலன்ஸ் வேணாம்னு போன்லயே சொல்லிட்டேனே."

"நீங்க சொன்னீங்க. அதுக்கப்புறம் அவங்க சொன்னாங்க."

யோகலட்சுமி கோணியில் கிடந்தபடியே கண்ணை மூடித் திறந்தாள். போயிருக்கிறது.

"எல்லாரும் எறங்கிக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவங்க கிட்ட நான் தனியாப் பேசணும்" என்றாள் சௌம்யா. ராமலிங்கம் முனகிக்கொண்டே இறங்கினார். சௌம்யா வண்டிக்குள் ஏறி, தன் முதுகால் மற்றவர்களை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "நீங்க எழுதினது என் கைக்கு வந்துச்சு. அதை வாயால திருப்பிச் சொல்ல வேணாம். எங்க வண்டியா, இந்த வண்டியா? அதை மட்டும் சொல்லுங்க."

தனியாக, யாரும் பதில் எடுத்துக் கொடுக்காத இடத்தில், அவளிடம் ஒருவர் ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"உங்க வண்டி" என்றாள்.

ஸ்ட்ரெச்சர் வந்தது. "இன்னா இது? வலியில எதையோ உளர்றா மேடம், இவ பேச்சை..." என்று பார்த்திபன் முன்னால் வந்தான்.

ராமலிங்கமும் சேர்ந்துகொண்டார். "ஏம்மா, இந்த மனுஷன் எத்தினி உசுரக் காப்பாத்தியிருக்காரு தெரியுமா உனக்கு? ஊருல போய்க் கேளு."

"கேக்க வேண்டியவங்கள கேட்டாச்சு சார். அவங்க போன் யார் கிட்ட இருக்கு?"

பார்த்திபன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தான். 

"கூட ஒரு பொம்பள ஆளு வரணும். யாரு வர்றீங்க?"

ஜோதி தன் செருப்பைப் பார்த்தாள். பார்த்திபனோடு சண்டை என்றால் நாளைக்கு ஒரு அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது? எல்லோர் மனதிலும் அதுதான் ஓடியது. ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். அப்போது சுந்தரி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆம்புலன்ஸ் படியில் காலை வைத்தாள்.

"ஏய், எறங்குடி. நமக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? அவங்க வீட்டு விவகாரம்" என்று ராமலிங்கம் கத்தினார்.

சுந்தரி படியிலேயே நின்று திரும்பினாள். அதிகம் பேசுகிறவள் இல்லை அவள். குரல் கிறீச்சிட்டு வந்தது.

"வீட்டு விவகாரமா? அவங்க வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுரு. அந்தப் பக்கம் இவ அடி வாங்குற சத்தம் கேட்டா, இந்தப் பக்கம் நான் டிவி சத்தத்தை ஜாஸ்தி பண்ணுவேன். நீயும் பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருப்ப? நாளைக்கு வண்டி வேணுமேன்னு கம்முனு இருந்தோம். இப்பக்கூட அவ கையில வெரல் தடம் பாத்தேன். மூடி வெச்சேன். மூடி வெச்சேன்யா, இந்தக் கையால." அவள் மூச்சு வாங்கினாள். "வானத்துல இருக்கிற மெஷினுக்குக் கேக்குது, செவுத்துக்கு இந்தாண்ட இருக்கிறவளுக்குக் கேக்கலையா? கேட்டுச்சு. கேட்டும் கேக்காத மாரி இருந்தேன். ஊருக்கு நல்லது பண்றவன் வீட்டுலயும் நல்லவனாத்தான் இருப்பான்னு நாமளே சொல்லிக்கிட்டா, உள்ள இருக்கிறவ எங்க போவா? எத்தினி சாட்டிலைட் வேணா மேல விடட்டும். ஒரு பொம்பள சொல்றத நம்புறதுக்குக் கீழ ஒரு ஆளு இல்லன்னா, அத்தினியும் வீணு."

சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மடியில் அந்தக் கையை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை மூடவில்லை.

ஆம்புலன்ஸ் திரும்பிக்கொள்ள நேரம் பிடித்தது. அதன் பின்கண்ணாடி வழியாக யோகலட்சுமிக்கு வளைவு தெரிந்தது. பார்த்திபன் ஊர்க்காரர்களுக்கு நடுவே நின்றிருந்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யாராவது ஒருத்தர், "அவங்க கெடக்கறாங்க விடுப்பா" என்று சொல்வார்கள் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. ராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். ஜோதி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்பார்கள், போலீஸ் வருமா, கை பழையபடி ஊசிக்கடியில் தோலை நகர்த்துமா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. ஊர் நாளைக்கே மனம் மாறி அவனோடு சேர்ந்துகொள்ளலாம். அதுவும் தெரியாது.

"ஏறுங்கடா, போலாம். இருட்டப் போவுது" என்று பார்த்திபன் சொன்னது கண்ணாடி தாண்டி மெலிதாகக் கேட்டது. அவன் கோபியைத்தான் பார்த்துச் சொன்னான்.

தன் பிள்ளை பிறந்த அந்த வண்டியின் பலகையில் கோபி பழையபடி ஏறி உட்கார்ந்திருந்தான். இப்போது இறங்கினான். கழன்று கிடந்த செருப்பைக் காலால் தேடி மாட்டிக்கொண்டான். பார்த்திபன் அவன் தோளைத் தொடக் கையை நீட்டினான். அந்தக் கைக்கு எட்டாமல் விலகி, மலைச்சாலையின் ஓரமாக, ஊரைப் பார்த்துக் கோபி நடந்து போனான்.